சுவருக்கு அந்தப் பக்கத்துக் கை

தங்கக்கை என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று சங்கத்தில் யாருக்கும் நினைவில்லை. அவரே வைத்துக்கொண்டார் என்பாள் அவர் மனைவி. முப்பத்தைந்து வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவள் சொன்னால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் அவர் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாக ஏறித் தராசுத் தட்டைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் மெழுகு ஒட்டி வைத்தவனையும், படிக்கல்லைக் குடைந்து வைத்தவனையும் கையும் களவுமாகப் பிடித்து நடுத்தெருவில் நிற்க வைத்து மானத்தை வாங்குவார். ஓய்வு பெற்ற மறுநாளே பிடிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. பழகிய புத்தி சும்மா இருக்குமா? பொழுதுபோக்கு வானொலிச் சங்கத்தில் ஆள் பிடிக்க ஆரம்பித்தார்.

அந்தச் சங்கத்துக்காரர்களுக்கு வேலையே இதுதான்: லைசென்ஸ் வாங்கி, வீட்டில் ஒரு டிரான்ஸ்மிட்டரும் மாடியில் ஒரு கம்பியும் வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் புள்ளியும் கோடுமாகத் தந்தி அடித்துக்கொள்வது. மேஜைமேல் ஒரு பித்தளைக் கீ இருக்கும். அதை அமுக்கினால் 'பீ' என்று போகும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அமுக்குகிற விதம் ஆளுக்கு ஆள் மாறும். தும்மலை வைத்தே பக்கத்து வீட்டில் யார் என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி சத்தத்தை வைத்தே யார் கை என்று சொல்லிவிடுவார்கள். தங்கக்கையின் கை மணி மணியாக விழும். "ஆயிரம் பேர் ஒண்ணா அடிச்சாலும் அண்ணன் கை தனியாத் தெரியும்" என்று பேக்கரிக்காரர் பத்து வருஷமாகச் சொல்லி வருகிறார். சங்கத்தின் தலைமை நிலையத்தை நடத்துவது பேக்கரிக்காரர்தான். அதனால் அவர் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை கைத்தந்திப் போட்டி. கையால் மட்டும்தான் அனுப்ப வேண்டும், கம்ப்யூட்டர் கூடவே கூடாது. அவரவர் வீட்டிலிருந்து அனுப்ப, பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். தங்கக்கையின் கூடத்து அலமாரியில் பதினொரு கேடயங்கள் வரிசையாக நின்றன. தூசி தட்டுவது மனைவி, பெருமை அடித்துக்கொள்வது அவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேடயத்தைப் பல் டாக்டர் ஒருவர் ஜெயித்துவிட்டார். பொறுக்குமா? தங்கக்கை கூட்டத்தில் எழுந்து, "இவ்வளவு சுத்தமா மனுஷன் கை அடிக்காது. இது கம்ப்யூட்டர் வேலை" என்றார்.

"சார், இப்பவே உங்க எல்லார் முன்னாடியும் அடிச்சுக் காட்டுறேன்" என்றார் டாக்டர்.

"அதெல்லாம் வேண்டாம். முப்பது வருஷம் தராசு பாத்தவன் நான். எனக்குக் காது போதும்."

நாள் முழுக்க அடுத்தவர் வாயில் ஊசி பிடித்து வேலை செய்கிறவனுக்குக் கை சுத்தமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கேடயத்தைப் பிடுங்கினார்கள், டாக்டரை இரண்டு வருஷம் தள்ளி வைத்தார்கள். அதோடு விடவில்லை தங்கக்கை. ஏழாம் விதி என்று ஒன்றைத் தானே எழுதிச் சேர்த்தார்: நடுவில் பார்வையாளர் நிறுத்தச் சொன்னால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். மனிதன் நிறுத்துவான், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், குட்டு வெளிப்பட்டுவிடும். திரும்பி வந்த டாக்டர், அந்த விதியில் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: சந்தேகம் வந்தால், அங்கேயே கையால் அடித்துக் காட்ட ஒரு வாய்ப்பு தரவேண்டும். "திருடனுக்கு எதுக்கு ரெண்டாவது வாய்ப்பு?" என்று தங்கக்கை குதித்தார். ஆனாலும் வரி சேர்ந்துவிட்டது.

இப்போது அவருக்கே கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

முதலில் காப்பி டம்ளரில் தெரிந்தது. பிறகு கையெழுத்தில். பிறகு ஒருநாள் கீயில் விரலை வைத்தார். மூன்று புள்ளி அடிக்கப் போய் ஐந்து விழுந்தது. அன்று ரேடியோவை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பயம்தான். வேறென்ன? அந்தக் கை போய்விட்டால் மிச்சம் இருப்பது பென்ஷன் வாங்குகிற ஒரு கிழவன். அவரை எவன் அண்ணன் என்று கூப்பிடுவான்? ஆஸ்பத்திரியில் காட்டலாமே என்றாள் மனைவி. வெளியே தெரிந்துவிடும் என்றார். அந்த மாதத்திலிருந்து, மாடிக் கம்பி பழுது என்று சொல்லித் தந்தி அடிப்பதையே நிறுத்திக்கொண்டார்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது மச்சானைக் கூப்பிட்டனுப்பினார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன். இருபது வருஷமாக அவனை 'ஸ்க்ரூ டிரைவர்' என்றுதான் அவர் சொல்வது. அன்றைக்கு "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்றார். அவன் நாற்காலியை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை அடக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

"அத்தான், இது ஒண்ணும் பிரமாதம் இல்ல. சீரியல் போர்ட்னு ஒண்ணு இருக்கு. அதுல டி.டி.ஆர்னு ஒரு வயர், ஆர்.டி.எஸ்னு ஒரு வயர். புரோகிராம் சொன்னா அந்த வயர்ல கரண்ட் ஏறும், இறங்கும். நடுவுல ஒரு டிரான்சிஸ்டரைப் போட்டு உங்க கீ சொருகுற ஓட்டையில குடுத்துட்டா, டிரான்ஸ்மிட்டர் யாரோ கீயை அமுக்குறாங்கன்னு நெனச்சுக்கும். அதுக்குக் கையும் தெரியாது, காலும் தெரியாது."

"ரெண்டு வயர் எதுக்கு?"

"ஒண்ணு கீயை அமுக்க. இன்னொண்ணு டிரான்ஸ்மிட்டரை அனுப்புற பக்கம் திருப்ப."

லேப்டாப்பில் அந்த ஒன்பது ஊசிப் போர்ட்டே இல்லை. அதற்கு ஒரு யு.எஸ்.பி. மாற்று வயர் வந்தது. முதல் நாள் புரோகிராமில் மூன்றாம் நம்பர் போர்ட் என்று போட்டார்கள், வேலை செய்தது. மறுநாள் தங்கக்கை அதைப் பக்கத்துத் துளையில் சொருகிவிட்டு, கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று போனில் அலறினார். துளை மாறினால் நம்பர் ஐந்தாகிவிடுமாம். மச்சான் வந்து சரியான துளைக்குப் பக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டினான். அப்புறம் வேகம். செட்டிங்கில் ஒன்பதாயிரத்து அறுநூறு என்று இருந்தது. அதை மாற்றவேண்டும், தன் கை அவ்வளவு வேகம் இல்லை என்று ஒரு மணி நேரம் வாதாடினார்.

"அத்தான், அது தகவல் அனுப்புற வேகம். நாம தகவலே அனுப்பல. வெறும் வயரைத் தூக்கித் தூக்கி எறக்குறோம். அங்க என்ன நம்பர் இருந்தா என்ன?"

"நம்பர் இருந்தா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்டா! நான் அளவு ஆய்வாளர்!"

ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்று அக்காவைப் பார்த்து முணுமுணுத்தான் மச்சான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கிளம்பும்போது அவன் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னான். "முதல்ல கம்ப்யூட்டர், அப்புறம்தான் டிரான்ஸ்மிட்டர். மாத்திடாதீங்க. கம்ப்யூட்டர் எழுந்திரிக்கிறப்போ இந்த வயரும் தானா எழுந்துக்கும். புரோகிராமைத் திறந்து உக்கார வைக்கிற வரைக்கும் எறங்காது. டிரான்ஸ்மிட்டர் ஆன்ல இருந்தா, கீயை அமுக்கிப் பிடிச்ச மாதிரி நீளமா ஒரே 'பீ'தான்."

மிச்ச ஏற்பாடுகளைத் தங்கக்கையே செய்தார். கம்ப்யூட்டர் பக்கத்து அறையில். சுவரில் ஒரு துளை, அதன் வழியே வயர் வந்து, மேஜைக்கு அடியில் ஊர்ந்து, டிரான்ஸ்மிட்டரின் முதுகில் ஏறியது. பித்தளைக் கீயின் வயரோ மேஜைக்கு அடியில் போய், எதிலும் சேராமல் மேஜைக் காலில் ஒரு முடிச்சோடு நின்றது. தராசுக்கு அடியில் மெழுகு ஒட்டுகிறவனை ஆயிரம் பேரைப் பார்த்தவர் அல்லவா, எதை எங்கே ஒட்டவேண்டும் என்று அவருக்கா தெரியாது?

அனுப்ப வேண்டிய செய்தி அன்றைக்குத்தான் உறையில் வரும். அதைப் போட்டியாளர் ஒரு தடவை சத்தமாகப் படிக்கவேண்டும் என்பது விதி. அவர் இந்த அறையில் படிக்கப் படிக்க, அந்த அறையில் ஒருத்தர் அப்படியே டைப் அடிக்கவேண்டும். அதற்குத்தான் மனைவி. கோர்ட்டில் முப்பது வருஷம் டைப்பிஸ்ட். விரல் இன்னமும் சிட்டாய்ப் பறக்கும்.

"உத்தியோகத்துலதான் அடுத்தவங்க சொல்றதை அடிச்சே காலம் போச்சு, வீட்டுலயுமா?" என்றாள்.

"என் மானம் போகுதுடி!"

"போறது உங்க மானம். அடிக்கிறது நானா?" என்றாள். ஆனால் ஒப்புக்கொண்டாள். நடுங்குகிற கையை அவர் சட்டைப் பைக்குள் மறைக்கிறதை அவள் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஏழாம் விதிக்கும் வழி கண்டாகிவிட்டது. பார்வையாளர் "நிறுத்துங்க" என்றதும் அவள் எஸ்கேப் பட்டனைத் தட்டவேண்டும். ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அடிக்க, இந்தப் பக்கம் அவர் செத்த கீயைத் தாளத்துக்குத் தட்ட, மச்சான் பார்வையாளராக உட்கார்ந்து "நிறுத்துங்க" என்பான். பட்டென்று நிற்கும். யார் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று தங்கக்கை மார்தட்டினார்.

யார் வருகிறார் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பல் டாக்டர் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கேடயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்லாத் தொடச்சு வெச்சிருக்கீங்க" என்றார். குத்திப் பேசுகிறாரா, நிஜமாகவே பாராட்டுகிறாரா என்று தெரியவில்லை. வாயில் பஞ்சை வைத்துவிட்டு ஊர்க்கதை கேட்கிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். உறையைப் பிரித்துக் கொடுத்தார். வெள்ள நிவாரணச் செய்தி: பாலத்துக்குக் கிழக்கே ஐந்து படகு, பள்ளிக்கூடத்தில் இருநூறு பேர், பால் பவுடர், காய்ச்சல் மாத்திரை, இப்படி ஐம்பது வார்த்தை. தங்கக்கை பிரசங்கம் செய்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"இவ்வளவு சத்தமா வேண்டியதில்ல சார், நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றார் டாக்டர்.

தலைமை நிலையத்திலிருந்து பேக்கரிக்காரர் கூப்பிட்டார். தங்கக்கை கையைக் கீயில் வைத்தார். மேஜையை இரண்டு தடவை தட்டினார், அதுதான் சைகை. தந்தி கிளம்பியது. ஆகா, என்ன சுத்தம்! ஒவ்வொரு எழுத்தும் அச்சில் வார்த்த மாதிரி விழுந்தது. தங்கக்கை கண்ணை மூடி, தலையை ஆட்டி, செத்த கீயைத் தட்டினார். நடுக்கம் வெளியே தெரியவே இல்லை. ஒரு கட்டத்தில் தானேதான் அடிக்கிறோம் என்று அவருக்கே தோன்றிவிட்டது, பாவம்.

இருபதாவது வார்த்தையில் டாக்டர் நிறுத்தச் சொன்னார். ஆனால் வாயால் சொல்லவில்லை. அவர் தொழிலில் வாயைத் திறந்து வைத்திருப்பவர் பேச முடியாது, வலித்தால் கையைத் தூக்குங்கள் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழக்கமோ என்னவோ, தன் வலது கையை மெதுவாகத் தூக்கினார்.

தங்கக்கை சட்டென்று கையை எடுத்துவிட்டார். தந்தி ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடம். இருநூறு. பேர்.

"நிறுத்திட்டேன்!" என்று கத்தினார் தங்கக்கை, சுவரைப் பார்த்து. "நான் நிறுத்திட்டேனே! நிறுத்தியாச்சு! நிறுத்து, நிறுத்து!"

எஸ்கேப் பட்டன் டாக்டரின் குரலுக்கு. புருஷன் இப்படி அலறினால் என்ன செய்வதென்று ஒத்திகையில் யாரும் சொல்லித்தரவில்லை. வீடே தீப்பற்றிக்கொண்ட மாதிரி கத்துகிறாரே என்று பதறி, அவள் லேப்டாப்பின் பவர் பட்டனையே அமுக்கிப் பிடித்துவிட்டாள். தந்தி நடு எழுத்தில் அறுந்தது.

"பாத்தீங்களா? நிறுத்திட்டேன்" என்றார் தங்கக்கை. முகத்தில் வேர்வை.

"ம். நாலு வார்த்தை கழிச்சு" என்றார் டாக்டர்.

"அது... பழைய டிரான்ஸ்மிட்டர் சார். உள்ள கொஞ்சம் தங்கிடும்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவன்கூடக் கொஞ்சம் நல்ல சோறாகப் பார்ப்பான். "இப்போ விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லிக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

ஆரம்பிக்கிறேன் என்றது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஐயோ, பாதியில் அணைத்துவிட்டோமே என்று அவள் பவர் பட்டனை மறுபடி அமுக்கினாள். கம்ப்யூட்டர் கண் விழித்தது. மச்சான் சொன்ன அந்த வயரும் எழுந்து நின்றது.

பீ......................

கட்டிய கை கட்டியபடி இருக்க, அவருடைய டிரான்ஸ்மிட்டர் ஒப்பாரி வைத்தது. சங்கம் மொத்தமும் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கக்கைக்குப் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. டிரான்ஸ்மிட்டர் கருகும் வாசனை லேசாக வந்ததும் டாக்டர்தான் எழுந்து ஸ்விட்சை அணைத்தார். பிறகு வேஷ்டி அழுக்காவதைப் பார்க்காமல் மேஜைக்கு அடியில் குனிந்தார். சுவர்த் துளை, வயர், மேஜைக் காலில் முடிச்சு, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். சுவர் வழியே வந்த வயரைச் சொத்தைப் பல்லைப் பிடுங்குவது போல ஒரே அசைவில் பிடுங்கினார். முடிச்சை அவிழ்த்து, பித்தளைக் கீயின் வயரை அங்கே சொருகினார்.

கதவருகே வந்து நின்றிருந்தாள் மனைவி. டாக்டர் அவளுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"ஏழாம் விதி, ரெண்டாவது வரி" என்றார். "கையால அடிச்சுக் காட்ட ஒரு வாய்ப்பு. எனக்குக் கெடைக்கல. உங்களுக்குக் குடுக்கிறேன். அடிங்க."

தங்கக்கை தொண்டையைச் செருமினார். ஓடிப்போகக் கதவு இருந்தது, கதவில் மனைவி இருந்தாள். டாக்டர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டார். தங்கக்கை கீயில் விரலை வைத்தார். தன் நிலையத்தின் பெயரை அடித்தார். புள்ளி கோடாயிற்று, கோடு மூன்று புள்ளியாக உதிர்ந்தது. மூன்று தடவை அடித்த பிறகுதான் எதிர்ப்பக்கத்துக்கு விளங்கியது. பேக்கரிக்காரர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி பதில் அடித்தார்.

"யாரது, புதுசா கத்துக்கிறீங்களா? பயப்படாதீங்க, நல்லாத்தான் வருது. கீயை அண்ணன் கையில குடுங்க."

ஆயிரம் பேர் ஒன்றாக அடித்தாலும் தனியாகத் தெரிகிற கை! தங்கக்கைக்குக் கண்ணில் நீர் முட்டியது. நான்தான் என்று ஒரு வார்த்தை அடித்தால் போதும். விரல் கீமேல் கிடுகிடுவென்று ஆடியது. அவர் டாக்டரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், கதவில் நின்றவளைப் பார்த்தார். அடித்தார்.

தந்தி தெரியாத மனைவி டாக்டரைக் கேட்டாள். "என்ன சொல்றார்?"

"அடிக்கிறது நீங்கன்னு சொல்றாரும்மா" என்றார் டாக்டர்.

அவள் தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் அறிக்கைத் தாளை எடுத்து, பிசிறில்லாத கையெழுத்தில் எழுதினார்: 'இன்று கீயில் அமர்ந்து அடித்தவர் தம் மனைவி என்று போட்டியாளரே தந்தியில் அறிவித்தார். எனவே போட்டியாளர் இந்த ஆண்டு கலந்துகொள்ளவில்லை.' அதைத் திருப்பிக் காட்டினார். "நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன் சார். ஒரு கையெழுத்து போடுங்க." கையெழுத்து நாலு கோணலாக விழுந்தது. செருப்பை மாட்டும்போது டாக்டர் திரும்பிப் பார்த்து, "அந்தக் கையை ஒரு நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். திட்டியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

கேடயம் வேறு யாருக்கோ போனது. அது போன வேகத்தில் தங்கக்கையின் வீடு தேடி இன்னொன்று வந்தது: புதிதாகக் கற்கிறவர்களுக்கான சின்னக் கோப்பை, மனைவியின் பெயர் பொறித்து. பதினொரு கேடயத்துக்கு நடுவில் இடம் பண்ணி அதை வைத்தாள் அவள். வைத்ததோடு போகுமா? ஞாயிறு காலை பத்து மணி ஆனால் பேக்கரிக்காரர் கூப்பிடுகிறார்: அக்கா இருக்காங்களா? சங்கம் மொத்தத்துக்கும் அக்கா கையென்றால் உயிர். கம்ப்யூட்டர் வாடையே இல்லாத கை, இந்த வயசிலும் விடாமுயற்சி என்று பாராட்டுகிறார்கள். அண்ணனைப் பற்றி முதல் வாரம் விசாரித்தார்கள். இரண்டாம் வாரம் விட்டுவிட்டார்கள்.

அதனால் ஞாயிறு பத்து மணிக்குத் தங்கக்கை கீ முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து சொல்லுவாள், அவர் அடிப்பார். முப்பது வருஷம் சொல்லச் சொல்ல அடித்தவளுக்குச் சொல்லத் தெரியாதா? நிறுத்தற்குறியோடு சொல்லுவாள்.

போன ஞாயிறும் அப்படித்தான். "எழுதிக்கோங்க" என்றாள். "வீட்டுல எல்லாரும் சௌக்கியம், கமா. வீட்டுக்காரருக்கு மட்டும் கை கொஞ்சம் நடுங்குது. முற்றுப்புள்ளி."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"அடிங்க. என் பேருல போறது, நான் சொல்றதுதான் போகணும்."

அடித்தார். வேறு வழி? நடுங்கி நடுங்கி அது முழுவதும் போய்ச் சேர்ந்தது. பேக்கரிக்காரர் நீளமாகப் பதில் அடித்தார்: அடடா, பாவம், அப்பேர்ப்பட்ட கை. கவலைப்படாதீங்க அக்கா. நீங்க பக்கத்துல உக்காந்து, உங்களை மாதிரி பொறுமையா அடிக்க அவருக்குச் சொல்லிக்குடுங்க.

தங்கக்கை ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. வணக்கம் சொன்னார்."

"வணக்கத்தையா இவ்வளவு நேரம் சொன்னார்?" என்றாள் அவள்.